நீள்கட்டுரைகள்: எதை எடுப்பது, எப்படிப் படிப்பது, எங்கே ஏமாறுவோம்

முதலில் நேரக் கணக்கு. பத்திரிகைகள் 'லாங்ஃபார்ம்' என்று வகைப்படுத்தும் கட்டுரைகள் ஆங்கிலத்தில் ஏறக்குறைய 3,000 சொல்லில் தொடங்கி 10,000 வரை போகும். சில 30,000-ஐயும் தாண்டும். ஆங்கிலத்திலேயே வளர்ந்தவர் நிமிடத்துக்கு 200 முதல் 250 சொல் படிப்பார். அது இரண்டாம் மொழியாக இருப்பவர்கள் 150 என்று வைத்துக்கொள்வது நியாயம். அப்படியானால் 6,000 சொல் கட்டுரைக்கு 40 நிமிடம். 10,000 சொல்லுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். தலைப்புக்குக் கீழே '25 நிமிட வாசிப்பு' என்று போட்டிருந்தால் அது வேகமாகப் படிப்பவரை மனத்தில் வைத்துப் போட்டது. ஒன்றரை மடங்கு ஆக்கிக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கைப் போடாமல் உட்காருவதால்தான் பாதிக் கட்டுரைகள் பாதியில் நிற்கின்றன.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடலாம். ஒரு கட்டுரை நீள்வதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. சொல்ல வேண்டியது அவ்வளவு இருக்கும். இல்லையென்றால் வெட்ட யாருக்கும் மனம் வந்திருக்காது. முதல் வகையில் செய்தியாளர் மாதக்கணக்கில் அலைந்து சேகரித்த விஷயம் இருக்கும். இரண்டாம் வகையில் நடை மட்டும் இருக்கும். நல்ல நடைக்கு மயங்கி ஒரு மணி நேரத்தைத் தொலைப்பது சுலபம், அதனால் தேர்வு செய்யும்போதே கொஞ்சம் கறாராக இருக்க வேண்டும்.

ஐந்து நிமிடச் சோதனை

கட்டுரையின் தொடக்கத்தை வைத்து எடை போடாதீர்கள். முதல் இரண்டு பத்திகளை எல்லோரும் இழைத்து இழைத்து மெருகேற்றியிருப்பார்கள். பக்கத்தை நடுவுக்கு உருட்டி, கண்ணில் படும் மூன்று பத்திகளைப் படியுங்கள். ஒவ்வொரு தகவலுக்கும் ஒரே கேள்வி: இது எழுதியவருக்கு எப்படித் தெரியும்? நேரில் நின்று பார்த்திருக்கலாம், சம்பந்தப்பட்டவரிடம் பேசியிருக்கலாம், நீதிமன்ற ஆவணத்தையோ விசாரணை அறிக்கையையோ படித்திருக்கலாம். இந்த மூன்றும் மாறி மாறி வந்தால் தைரியமாக உட்காரலாம். மூன்று பத்தியிலும் பேராசிரியர்களின் கருத்தும் வேறு பத்திரிகைகளில் வந்த மேற்கோளும் மட்டுமே இருந்தால் அது மேசையிலிருந்து எழுந்திருக்காமல் எழுதிய கட்டுரை.

அடுத்து, சம்பவம் நடந்த தேதியையும் கட்டுரை வெளியான தேதியையும் பாருங்கள். போன வாரம் நடந்ததைப் பற்றி இந்த வாரம் 8,000 சொல் வந்திருந்தால் அது பெரும்பாலும் பழைய செய்திகளை ஒட்டுப்போட்டது. மூன்றாவதாக, குற்றம் சாட்டப்பட்டவரின் பதில் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். 'கருத்துக் கேட்டோம், பதில் இல்லை' என்று கடைசியில் ஒரு வரி மட்டும் இருந்தால் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. அவருடைய வாதத்தை எடுத்துவைத்து, அதை ஆவணத்தோடு மோதவிட்டிருந்தால் அந்தச் செய்தியாளர் வேலையைச் செய்திருக்கிறார். கடைசியாக, கட்டுரையிலேயே மிகப் பெரிய காட்சி எதுவோ அதற்கு எத்தனை சாட்சிகள் என்று எண்ணுங்கள். ஒருவர்தான் என்றால் அதை எழுதியவரே ஒப்புக்கொள்கிறாரா என்று பாருங்கள்.

சின்னதிலிருந்து தொடங்குங்கள்

நேராக 20,000 சொல்லில் குதிக்க வேண்டாம். முதல் படியாக ஜிம்மி பிரெஸ்லின் 1963 நவம்பரில் நியூ யார்க் ஹெரால்டு ட்ரிப்யூனில் எழுதிய 'இட்ஸ் அன் ஹானர்' சரியாக இருக்கும். நீளத்தை வைத்துப் பார்த்தால் இது நாளிதழ்ப் பத்திதான், நீள்கட்டுரை இல்லை. ஆனால் நீள்கட்டுரையின் கண் எப்படிப்பட்டது என்று இதில் தெரிந்துவிடும். அதிபர் கென்னடியின் இறுதிச் சடங்கில் செய்தியாளர் கூட்டம் மொய்த்துக்கொண்டிருந்தபோது பிரெஸ்லின் தேடிப் போனது குழி வெட்டிய தொழிலாளியை. அவருக்கு ஒரு மணி நேரக் கூலி 3.01 டாலர். அந்த எண்ணைக் கேட்டு எழுத வேண்டும் என்று தோன்றியதே, அதுதான் விஷயம்.

இரண்டாவது படி, ஜான் ஃபிராங்க்ளின் எழுதிய 'மிஸஸ் கெல்லீஸ் மான்ஸ்டர்'. 1978 டிசம்பரில் பால்டிமோர் ஈவினிங் சன் இதழில் வந்தது. சிறப்புக் கட்டுரைக்கென்று புலிட்சர் பரிசு 1979-இல் தொடங்கப்பட்டபோது அந்தப் பிரிவில் முதல் பரிசு இதற்குத்தான். ஒரே ஒரு மூளை அறுவை சிகிச்சையின் கதை. தொடக்கத்தில் மருத்துவர் விடியுமுன் எழுகிறார். மனைவி காலை உணவு வைக்கிறார், காபி மட்டும் இல்லை. காபி குடித்தால் அவர் கை நடுங்கும். கையின் நடுக்கத்தை இங்கேயே சொல்லிவிட்டதால், பின்னால் அந்தக் கை மூளைக்குள் போகும்போது படிப்பவருக்கு உள்ளங்கை வியர்க்கிறது. கட்டுரை முழுக்க இதயத் துடிப்புக் கருவியின் ஒலி வந்துகொண்டே இருக்கும். அந்த ஒலி வரும் இடங்களை மட்டும் பென்சிலால் குறித்துக்கொண்டு படித்துப் பாருங்கள்.

மூன்றாவதாகப் பலரும் சொல்வது ஜீன் வைன்கார்ட்டனின் 'பேர்ல்ஸ் பிஃபோர் பிரேக்ஃபாஸ்ட்' (வாஷிங்டன் போஸ்ட், 2007). புகழ்பெற்ற வயலின் கலைஞர் ஜோஷுவா பெல் சாதாரண உடையில் மெட்ரோ ரயில் நிலையத்தில் 43 நிமிடம் வாசித்தார். கடந்து போனவர்கள் 1,097 பேர், நின்று கேட்டவர்கள் 7 பேர், விழுந்த காசு 32.17 டாலர். படிக்க அவ்வளவு சுவை. ஆனால் காலை நேரத்தில் வேலைக்கு ஓடுகிறவர்களை வைத்து ரசனையை அளப்பது அளவுகோலிலேயே கோளாறு என்று தோன்றினால் அந்த எண்ணத்தை விடாதீர்கள். நல்ல கட்டுரையோடு சண்டை போட்டுக்கொண்டே படிக்கலாம்.

அதன் பிறகு ஜான் ஹெர்சியின் 'ஹிரோஷிமா'. நியூ யார்க்கர் இதழ் 1946 ஆகஸ்ட் 31 அன்று தன் கட்டுரைப் பகுதி முழுவதையும் இந்த ஒன்றுக்கே ஒதுக்கியது. ஏறக்குறைய 30,000 சொல். குண்டு விழுந்த நிமிடத்தில் ஆறு பேர் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று தொடங்கி, ஒவ்வொருவரையும் மாற்றி மாற்றிப் பின்தொடர்கிறார். தகரத் தொழிற்சாலையின் அலுவலகப் பெண் பக்கத்து இருக்கைக்காரியிடம் பேசத் தலையைத் திருப்புகிறார், அவ்வளவுதான். பின்னாலிருந்த புத்தக அலமாரி அவர்மேல் சரிகிறது. ஹெர்சி எங்கேயும் குரலை உயர்த்துவதில்லை, கோபப்படுவதில்லை. அதை நான்கு பகுதிகளாகப் பிரித்துப் படிப்பது நல்லது, ஏனென்றால் அவர் எழுதிய அமைப்பே நான்கு பகுதி. ஆறு பெயர்களையும் ஒரு சீட்டில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சசாகிகள் வருகிறார்கள், ஒருவர் மருத்துவர், இன்னொருவர் அந்த அலுவலகப் பெண். உறவு எதுவும் இல்லை. இந்தச் சீட்டு இல்லாதவர்கள் இரண்டாம் பகுதியிலேயே குழம்புவார்கள். 1985-இல் ஹெர்சி அந்த ஆறு பேரின் நாற்பதாண்டு வாழ்க்கையைப் பின்தொடர்ந்து அதே இதழில் எழுதினார். அதையும் சேர்த்தால்தான் முழுமை.

துறைவாரியாக

விபத்தும் பொறியியலும் பிடிக்கும் என்றால் வில்லியம் லாங்கவீஷ் 1998 மார்ச்சில் அட்லாண்டிக் இதழில் எழுதிய 'த லெசன்ஸ் ஆஃப் வேல்யூஜெட் 592' முதலில். இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும்தான் படிக்க முடியும் என்பவருக்கும் இதைத்தான் கொடுக்க வேண்டும். 1996 மே 11 அன்று மியாமியிலிருந்து கிளம்பிய விமானம் சில நிமிடங்களில் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் விழுந்து 110 பேரும் இறந்தார்கள். சரக்கு அறையில் அட்டைப் பெட்டிகளில் கிடந்த ஆக்சிஜன் உற்பத்திக் குப்பிகள் தீப்பிடித்ததுதான் காரணம். இவ்வளவும் செய்தித்தாளிலேயே வந்தாயிற்று. லாங்கவீஷ் போவது பராமரிப்புக் கூடத்தின் வேலைச் சீட்டுக்கு. அதில் ஒரு வரி: குப்பி தீர்ந்துபோகவில்லை என்றால் சுடுமுனையின்மேல் பாதுகாப்பு மூடி போடவும். ஆங்கிலத்தில் 'எக்ஸ்பயர்டு' என்றால் காலாவதியானது, 'எக்ஸ்பெண்டட்' என்றால் பயன்படுத்தித் தீர்ந்தது. கழற்றிய குப்பிகளில் பெரும்பாலானவை காலாவதியானவை, ஆனால் தீராதவை. ஏறக்குறைய ஒரே ஓசையுள்ள இரண்டு சொல்லுக்கு நடுவில் பணியாளர்கள் தடுமாறுகிறார்கள். மூடிகள் கூடத்தில் இல்லை. மூடி போட்டாயிற்று என்று சீட்டில் கையெழுத்து விழுகிறது. பெட்டிகள் 'காலி' என்ற குறிப்போடு விமானத்தில் ஏறுகின்றன.

சில காசு பெறும் ஒரு பிளாஸ்டிக் மூடியிலிருந்து 110 பேரின் சாவு வரை ஒரு கண்ணியைக்கூட விடாமல் கோத்துக் காட்டிவிட்டு, யாரைத் தூக்கில் போடுவது என்ற கேள்விக்கு அவர் கொடுக்கும் பதில் சங்கடமானது: கெட்டவர் யாருமில்லை, அமைப்பின் சிக்கலே விபத்தைப் பெறுகிறது, பாதுகாப்புக்காக இன்னொரு விதியைச் சேர்ப்பது சிக்கலைக் கூட்டவும் செய்யலாம். சமூகவியலாளர் சார்ல்ஸ் பெரோவின் 'அமைப்பு விபத்து' என்ற கருத்தை இங்கே எடுத்துக்கொள்கிறார். படித்தபின் நீங்கள் வேலை பார்க்கும் இடத்தின் படிவங்களை வேறு கண்ணால் பார்ப்பீர்கள்.

மருத்துவத்தில் இரண்டு. அதுல் கவாண்டேயின் 'த காஸ்ட் கனண்ட்ரம்' (நியூ யார்க்கர், 2009 ஜூன்) டெக்சஸ் மாநிலத்தின் மெக்காலன் என்ற சிறு நகரத்தில் முதியோர் மருத்துவக் காப்பீட்டுச் செலவு ஏன் நாட்டின் சராசரியைப்போல இரு மடங்கு என்று தேடிப்போகிறது. 2006-இல் தலைக்கு 15,000 டாலர். ஒவ்வொரு காரணத்தையும் எடுத்து, சோதித்து, தள்ளிவிடும் முறைக்காகவே படிக்கலாம்: மக்கள் அதிகம் நோயுற்றவர்களா, சிகிச்சை உயர்ந்ததா, வழக்குப் பயமா? அதே போன்ற எல் பாசோ நகரத்தை ஒப்பிட்டு ஒவ்வொன்றாகக் கழிக்கிறார். இரண்டாவது ஷெரி ஃபிங்க் எழுதிய 'த டெட்லி சாய்சஸ் அட் மெமோரியல்' (2009). 2005-இல் கத்ரீனா புயலில் மின்சாரமும் இல்லாமல் துண்டிக்கப்பட்ட மருத்துவமனையில் நோயாளிகளுக்கு என்ன நடந்தது என்பது. 13,000 சொல் அளவு. லாப நோக்கற்ற செய்தி நிறுவனமான புரோபப்ளிகாவும் நியூ யார்க் டைம்ஸ் இதழும் சேர்ந்து வெளியிட்டன.

நிலவியல் என்றால் கேத்ரின் ஷுல்ஸின் 'த ரியலி பிக் ஒன்' (2015 ஜூலை). வட அமெரிக்காவின் மேற்குக் கரையோரம் கஸ்கேடியா என்ற நிலத்தட்டு எல்லையைப் பற்றியது. படிக்கும்போது இரண்டு கைகளையும் காலியாக வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் விரல்நுனிகளைச் சேர்த்து ஒரு கையை இன்னொன்றின் அடியில் தள்ளச் சொல்கிறார், நிலநடுக்கம் உங்கள் விரல் முட்டிகளில் நடக்கும். உப்புநீரில் செத்துநின்ற மரங்களின் வளையங்களையும், காரணம் தெரியாமல் வந்த ஓர் ஆழிப்பேரலையைப் பற்றிய ஜப்பானியப் பதிவுகளையும் பொருத்தி, அந்த நிலநடுக்கம் 1700 ஜனவரி 26 இரவு 9 மணியளவில் நடந்தது என்று விஞ்ஞானிகள் கண்டுபிடித்த பகுதி துப்பறியும் கதைக்குக் குறைந்ததில்லை.

நீதிமன்ற வழக்குகளில் டேவிட் கிரானின் 'ட்ரையல் பை ஃபயர்' (2009). வீட்டுக்குத் தீ வைத்து மூன்று மகள்களைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டு 2004-இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட கேமரன் டாட் வில்லிங்ஹம் வழக்கு. முன்பாதியில் கிரான் அரசுத் தரப்பை அவ்வளவு வலுவாக வைக்கிறார், இவர்தான் குற்றவாளி என்று நீங்களே தீர்ப்பெழுதிவிடுவீர்கள். தரையின் எரிந்த தடங்கள், வெடித்த கண்ணாடி என்று எந்தெந்த ஆதாரத்தை நம்பினீர்களோ அவற்றை விட்டுவைக்காமல் தீயியல் அறிவைக் கொண்டு பின்பாதியில் உடைக்கிறார். பாதியில் நிறுத்தினால் நேரெதிரான கருத்தோடு எழுந்துபோவீர்கள்; ஒரே அமர்வில் முடிக்க வேண்டியது. இதே வரிசையில் 'ஆன் அன்பிலீவபிள் ஸ்டோரி ஆஃப் ரேப்' (2015 டிசம்பர்). டி. கிறிஸ்டியன் மில்லரும் கென் ஆம்ஸ்ட்ராங்கும் தனித்தனி நிறுவனங்களிலிருந்து ஒரே கதையின் இரு முனைகளைத் துரத்திக்கொண்டிருந்தது தெரிந்து, போட்டி போடாமல் சேர்ந்து எழுதினார்கள். ஒரு முனையில் புகார் கொடுத்த பெண்ணையே பொய் சொன்னதாகக் குற்றம் சாட்டிய காவல் துறை, மறு முனையில் ஒழுங்காகப் புலனாய்வு செய்த இரண்டு பெண் அதிகாரிகள்.

வரலாறும் பணமும் கலக்கும் இடத்தில் டா-நெஹிசி கோட்ஸின் 'த கேஸ் ஃபார் ரெபரேஷன்ஸ்' (அட்லாண்டிக், 2014 ஜூன்). அமெரிக்கக் கறுப்பினத்தவருக்கு இழப்பீடு தர வேண்டும் என்ற பெரிய வாதத்தைச் சிகாகோவில் கறுப்பினத்தவர் ஒருவர் வாங்கிய ஒரே வீட்டில் ஊன்றுகிறார்: விற்றவர் ஆறு மாதம் முன்பு 12,000 டாலருக்கு வாங்கியதை 27,500-க்கு அவர் தலையில் கட்டினார். நிறுவனங்களைப் பற்றி என்றால் ஐடா டார்பெல் 1902 முதல் 1904 வரை மெக்ளூர்ஸ் இதழில் 19 பகுதிகளாக எழுதிய ஸ்டாண்டர்ட் ஆயில் தொடர் முன்னோடி. 1911-இல் அந்த நிறுவனத்தை உச்ச நீதிமன்றம் உடைத்தது. முழுவதையும் படிக்க இன்று பொறுமை வேண்டும், இரண்டு பகுதி பார்த்தால் போதும். அந்த மரபின் இன்றைய வடிவம் பேட்ரிக் ராடன் கீஃப் 2017-இல் சாக்லர் குடும்பத்தையும் ஆக்ஸிகான்டின் வலிநிவாரணியையும் பற்றி எழுதியது.

தொழில்நுட்பத்தில் நீல் ஸ்டீஃபன்சனின் 'மதர் எர்த் மதர் போர்டு' (வயர்டு, 1996 டிசம்பர்). கடலடி இணையக் கம்பி ஒன்றைப் பின்தொடர்ந்து நாடு நாடாகப் போகிறார். 40,000 சொல்லைத் தாண்டும். ஒரே மூச்சில் முயலாதீர்கள், ஒவ்வோர் ஊரும் ஓர் அத்தியாயம். பால் ஃபோர்டின் 'வாட் இஸ் கோட்?' (2015) 38,000 சொல். நிரல் எழுதத் தெரியாத மேலாளருக்குச் சொல்லும் தொனி. இதை அச்சில் படித்தால் பாதி போச்சு, திரையில் இயங்கும் படங்கள் அதன் பகுதி.

ஆளுமைச் சித்திரம் என்றாலே கே டலீஸின் 'ஃபிராங்க் சினாட்ரா ஹாஸ் எ கோல்டு' (எஸ்குவயர், 1966 ஏப்ரல்). பாடகர் சினாட்ரா பேட்டி தரவில்லை. டலீஸ் அவரைச் சுற்றியிருந்தவர்களிடம் பேசிப் பேசியே ஆளைக் கட்டியெழுப்பினார். அவருடைய பொய்முடிகளைப் பையில் சுமந்துகொண்டு பின்னாலேயே வரும், வாரம் 400 டாலர் சம்பளம் வாங்கும் நரைத்த தலைப் பெண்மணி வரும் இடத்தைக் கவனியுங்கள். சினாட்ராவே ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் அது கிடைத்திருக்காது.

ஸ்பானிய உலகிலிருந்து ஒன்று. 1955-இல் கொலம்பியாவின் எல் எஸ்பெக்டடோர் நாளிதழில் காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் 14 நாள் தொடராக எழுதிய, கடலில் பத்து நாள் மிதந்து பிழைத்த மாலுமியின் கதை. 20 அமர்வுகள், ஒவ்வொன்றும் 6 மணி நேரம். முரண்பாடு தென்படுகிறதா என்று பொறிக்கேள்விகள் போட்டுக் கேட்டிருக்கிறார். புயலை விவரிக்கச் சொன்னபோது, புயலே இல்லை என்று பதில் வந்தது. கடற்படைக் கப்பலில் கடத்தல் சரக்கு அடுக்கியிருந்தது அப்படித்தான் வெளியே வந்தது. அரசு மறுத்ததும் பத்திரிகை மற்ற மாலுமிகள் பயணத்தில் எடுத்த புகைப்படங்களைத் தேடி வாங்கியது. பின்னணியில் பெட்டிகளும் அவற்றின்மேல் நிறுவன முத்திரையும் தெரிந்தன.

விளையாட்டில் டேவிட் ஃபாஸ்டர் வாலஸ் 2006-இல் ஃபெடரரைப் பற்றி எழுதியது போதும். டென்னிஸ் தெரியாதவர்கள் அடிக்குறிப்புகளை முதல் வாசிப்பில் தாண்டிவிடலாம்.

ஒரு கட்டுரைக்கு மட்டும் முன்னெச்சரிக்கை. வைன்கார்ட்டனின் 'ஃபேட்டல் டிஸ்ட்ராக்ஷன்' (2009) காரின் பின்னிருக்கையில் குழந்தையை மறந்துவிட்டுப் போன பெற்றோரைப் பற்றியது. மறதி எப்படி வேலை செய்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன எழுத்து குறைவு. வீட்டில் சிறு குழந்தை இருப்பவர்கள் இரவில் படிக்க வேண்டாம்.

படிக்கும் முறை

முதல் வாசிப்பில் நிறுத்தாதீர்கள். தெரியாத சொல்லுக்கு அகராதி திறந்தால் அங்கிருந்து வேறெங்கோ போய்விடுவீர்கள். சொல்லை ஓரத்தில் குறித்துவிட்டு நகருங்கள். உலாவியில் 'ரீடர்' காட்சியை இயக்கினால் விளம்பரமும் துள்ளும் பெட்டிகளும் போய் எழுத்து மட்டும் நிற்கும். சில கட்டுரைகளில் வரைபடமும் சேர்ந்து காணாமல் போகும், அதை மட்டும் அசல் பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம். 10,000 சொல்லுக்கு மேற்பட்டதை இடைவெளி விட்டுப் பிரித்திருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். காட்சிக்கு நடுவில் நிறுத்தினால் மறுநாள் மூன்று பக்கம் பின்னால் போக வேண்டியிருக்கும்.

இரண்டாம் வாசிப்பு எல்லாவற்றுக்கும் தேவையில்லை. பத்தில் ஒன்றுக்குப் போதும். அதை அச்செடுத்து, மூன்று நிறப் பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். நேரில் கண்டதற்கு ஒரு நிறம், பிறர் சொன்னதற்கு ஒன்று, ஆவணத்துக்கு ஒன்று. எந்த நிறமும் ஏறாத வாக்கியங்கள் எழுதியவரின் ஊகம். வேல்யூஜெட் கட்டுரையில் இதைச் செய்தால் பராமரிப்புக் கூடப் பகுதி முழுக்க ஆவண நிறத்திலும், முடிவுப் பகுதி ஏறக்குறைய வெள்ளையாகவும் இருக்கும். அதில் குற்றமில்லை, அவர் அங்கே வாதம் செய்கிறார். சம்பவக் காட்சியே வெள்ளையாக இருந்தால்தான் சிக்கல்.

இறந்துபோனவரின் மனத்தில் என்ன ஓடியது என்று ஒரு வரி வந்தால் நின்று யோசியுங்கள். நாட்குறிப்பு, கடிதம், அன்று அவரோடு பேசியவர் என்று ஏதாவது ஊற்று சொல்லப்பட்டிருக்க வேண்டும்.

எங்கே சறுக்கும்

சேமித்து வைத்தால் படித்த மாதிரி என்ற மயக்கம் முதல் சறுக்கல். பட்டியலில் 200 கட்டுரை சேர்ந்தபின் யாரும் அதைத் திறப்பதில்லை. பத்துக்கு மேல் வைக்காதீர்கள். பதினொன்றாவது வந்தால் ஒன்றை நீக்குங்கள். சேமிக்கும் சேவையையும் நம்பி இருக்க முடியாது. மொசில்லா நடத்திய பாக்கெட் 2025 ஜூலை 8-இல் மூடப்பட்டது. ஏற்றுமதி செய்யாதவர்கள் ஆண்டுக்கணக்கில் சேர்த்ததை இழந்தார்கள். மிகப் பிடித்ததை மட்டும் பிடிஎஃப் ஆக இறக்கி உங்கள் கணினியிலேயே வையுங்கள்.

இயந்திர மொழிபெயர்ப்பில் படிக்கலாமா என்று கேட்பவர்கள் அதிகம். தகவல் பகுதிகளுக்குப் பரவாயில்லை. உரையாடலில் காலை வாரும். ஒரே ஆள் ஒரு பத்தியில் 'அவர்', அடுத்ததில் 'அவன்', அதற்கடுத்ததில் 'அவள்' ஆவார். கிண்டலாகச் சொன்னது வாக்குமூலம்போல வரும். மேற்கோள் குறிக்குள் இருப்பதை மட்டுமாவது அசலில் பாருங்கள். சுருக்கம் எழுதித் தரும் கருவிகளோ இங்கே அறவே உதவாது: 'ட்ரையல் பை ஃபயர்' கட்டுரையைச் சுருக்கினால் 'தவறாகத் தண்டிக்கப்பட்டிருக்கலாம்' என்ற ஒரு வரிதான் மிஞ்சும், உங்களை ஏமாறவைத்துத் திருத்தும் அந்த அமைப்பு போய்விடும்.

பெரிய சறுக்கல் பொய். பரிசு வாங்கியது என்பது காப்புறுதி இல்லை. ஜேனட் குக் எட்டு வயதுப் போதை அடிமை ஒருவனைக் கற்பனை செய்து எழுதி 1981-இல் புலிட்சர் வாங்கினார், உடனே திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. ஜெர்மனியின் டெர் ஷ்பீகல் வார இதழில் விருதுகளைக் குவித்த கிளாஸ் ரெலோட்டியஸ் பல ஆண்டுகள் காட்சிகளையும் மனிதர்களையும் புனைந்தது 2018 டிசம்பரில் வெளிவந்தது. சந்தேகப்பட்டுத் துருவியவர் அவரோடு ஒரே கட்டுரையில் பணிசெய்த ஹுவான் மொரேனோ. அந்த இதழின் தகவல் சரிபார்ப்புத் துறை பெயர்பெற்றது. பெயர், தேதி, ஊர் எல்லாம் சரியாக இருந்தால், யாரும் பார்க்காத அறையில் நடந்த உரையாடலை எப்படிச் சரிபார்ப்பது?

இந்த மாதிரிக் கட்டுரைகளுக்கு ஒரு வாசனை உண்டு. சாதாரண மனிதர் எல்லோரும் கவிதையாகப் பேசுவார்கள். சரியான தருணத்தில் சரியான பாட்டு ஒலிக்கும். எழுதியவரின் வாதத்துக்குக் குறுக்கே வரும் தகவல் ஒன்றுகூட இருக்காது. உண்மையான களத்தில் பாதிப் பேர் பேச மறுப்பார்கள், பேசியவரும் தேதியைத் தப்பாகச் சொல்வார். அந்தக் கரடுமுரடு கட்டுரையில் எங்காவது தெரிய வேண்டும். ரோலிங் ஸ்டோன் 2014 நவம்பரில் வெளியிட்டு 2015 ஏப்ரலில் திரும்பப் பெற்ற பல்கலைக்கழகப் பாலியல் வன்முறைக் கட்டுரையில் பிரச்சினை வேறு: ஒருவர் சொன்னதை மட்டும் நம்பி, குற்றம் சாட்டப்பட்டவர்களையும் அன்றிரவு அவரைச் சந்தித்த நண்பர்களையும் தேடிப் பேசவில்லை. என்ன தவறு நடந்தது என்று கொலம்பியா இதழியல் பள்ளி எழுதிய அறிக்கை இணையத்தில் கிடைக்கிறது. கட்டுரையைவிட அந்த அறிக்கைதான் படிக்க வேண்டியது.

ஆகவே, பழைய கட்டுரையைப் பிறருக்கு அனுப்புமுன் இரண்டு நிமிடம் செலவிடுங்கள். பக்கத்தின் அடியில் திருத்தக் குறிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தலைப்போடு 'கரெக்ஷன்' அல்லது 'ரிட்ராக்ஷன்' என்று சேர்த்துத் தேடுங்கள். அறிவியல், மருத்துவக் கட்டுரைகளில் ஐந்தாண்டுக்குள் நிலைமை மாறியிருக்கும், பின்தொடர்ச்சி வந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

தொடர்ந்து எங்கே கிடைக்கும்

லாங்ரீட்ஸ் தளம் 2009 முதல் பரிந்துரைகளைத் தொகுத்துவருகிறது. புலிட்சர் தளத்தில் 1995-க்குப் பிந்தைய வெற்றிக் கட்டுரைகள் பலவற்றின் முழு வடிவம் உண்டு. சிறப்புக் கட்டுரை, விளக்கக் கட்டுரை ஆகிய இரு பிரிவுகளைப் பாருங்கள், இறுதிச் சுற்றில் நின்று பரிசு பெறாதவற்றின் பட்டியலும் அங்கேயே இருக்கும். சில ஆண்டுகளில் அவைதான் நல்லவை. சந்தா இல்லாதவர்களுக்கு புரோபப்ளிகாவும் கார்டியனின் 'லாங் ரீட்' பகுதியும் திறந்தே இருக்கின்றன. பின்னதை ஒலி வடிவிலும் கேட்கலாம். அட்டாவிஸ்ட் மாதத்துக்கு ஒரே ஒரு கட்டுரை வெளியிடும், கை மீறிப் போகாது. ஒரு கட்டுரை எப்படி உருவானது என்று எழுதியவரிடமே வரி வரியாகக் கேட்டுப் போடுவது நீமன் ஸ்டோரிபோர்டு. பி. சாய்நாத் 2014 டிசம்பரில் தொடங்கிய பாரி தளத்தில் கிராமப்புற வாழ்க்கை பற்றிய களக்கட்டுரைகள் ஆட்கள் மொழிபெயர்த்த தமிழில் கிடைக்கின்றன. ஆங்கிலத்தில் சிரமப்படுகிறவர்கள் அங்கே தொடங்கி, அதே கட்டுரையின் ஆங்கில வடிவத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளலாம்.

சந்தா கேட்கும் இதழ்களுக்குப் பணம் கட்டுமுன் உங்கள் நூலகத்தில் கேளுங்கள். பல நூலகங்களின் உறுப்பினர் அட்டையில் பத்திரிகைச் செயலிகள் இலவசமாக வரும், பழைய இதழ்களையும் சேர்த்து. ஹெர்சியின் கட்டுரையை 1946-இல் அச்சான பக்கங்களிலேயே, ஓரத்தில் சிகரெட் விளம்பரங்களோடு பார்க்க அந்த வழிதான் மலிவு.